மொத்தப் புரதம் பதினான்கு

தீவன ஆலையில் அவளை எல்லோரும் சொட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சோதனைக்கூடத்தில் நீளமான கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் இருக்கும் பச்சைத் திரவம் இளஞ்சிவப்பாக மாறுகிற அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்துவது அவள் வேலை. ஒரு சொட்டு கூடிப்போனாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வாசலில் மக்காச்சோள லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டாள். "அக்கா கணக்கு பண்ணா கடவுளே வந்தாலும் வெளிய உக்கார வேண்டியதுதான்" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் சிரிக்காமலே இருப்பாள். அந்த ஆலைக்கு வந்த எட்டு வருஷத்தில் அவள் எழுதிய ஒரு எண்ணைக்கூட யாரும் திருத்தியதில்லை.

அதற்கு முன்னால் அவள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். மரவள்ளிக் கிழங்கில் மாவு ஏராளம், புரதம் கிடையாது. நூறு கிராம் காய்ந்த மாவில் இரண்டு கிராம் தேறினால் பெரிது. அந்த இரண்டைப் பத்துக்கு மேல் ஏற்ற வேண்டும் என்று ஆறு வருஷம் மல்லுக்கட்டினாள். கிழங்கை வேகவைத்து, முளைகட்டிய தானிய மாவைக் கலந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, ஆறவைத்து ஈஸ்ட்டைத் தூவுவாள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பெருகும். ஆனால் உடம்பு வளர்க்க அதற்கு நைட்ரஜன் வேண்டும். அதற்குத்தான் யூரியா. ஒரேயடியாகக் கொட்டினால் ஈஸ்ட் திணறிவிடும் என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் போயிற்று. நாலு மணி நேரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் கொடுத்து, காற்றுப் படும்படி கிளறிக்கொண்டே இருந்தால், மூன்று நாளில் அத்தனை யூரியாவும் ஈஸ்ட்டின் உடம்பாக, அதாவது புரதமாக மாறியிருக்கும். கடைசியில் பதினொன்று வந்தது.

அந்தப் பதினொன்று அச்சில் வந்தபோது மேலே நிலையத்தின் டைரக்டர் பெயர் இருந்தது. கீழே வேறு இரண்டு பெயர்கள். அவள் பெயர் எங்குமே இல்லை. போய்க் கேட்டாள். பத்தாவது நாள் ஒரு மெமோ வந்தது: அளவீடுகளைத் திரித்து எழுதியதாகப் புகார். ஐந்து பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் அவளை நிற்கவைத்தார்கள். டைரக்டர் மிகவும் கனிவாகத்தான் பேசினார்.

"இங்க பாரும்மா, இஷ்டத்துக்கு நம்பர் போடற பழக்கம் இருக்கறவங்களுக்கு இந்த வேலை சரிப்படாது. நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா உனக்கு நல்லது."

எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு வருஷம் தங்கை வீட்டில் கிடந்தாள். தங்கை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தட்டை முன்னால் வைத்து, "சாப்பிடு" என்பாள். பல நாள் அவள் சாப்பிடும்வரை அசையாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஒரு கோழி ஷெட் வைத்திருந்தார்கள். தீவனம் வாங்குகிற பழக்கத்தில் ஆலை முதலாளியம்மாவிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் தங்கைதான்.

டைரக்டர் ஒரு திங்கட்கிழமை ஆலைக்கு வந்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம், இப்போது ஆலோசகராம். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தக் கனிவு மட்டும் அப்படியே இருந்தது. முதலாளியம்மாவே அவரைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்துவந்தாள்.

"சாரோட ஈஸ்ட் தீவனம். மரவள்ளித் திப்பியில, மாவு எடுத்த சக்கையில செஞ்சது. சோயாவுக்குப் பதிலா இதைப் போட்டா போதுமாம். ஒரு டெஸ்ட் போட்டுக் குடுங்க."

அவர் ஒரு பாலித்தீன் பையை மேஜைமேல் வைத்தார். வெளிர் பழுப்பு மாவு. அவள் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"நாம எங்கயோ பாத்திருக்கோம் இல்ல?"

"இருக்கலாம் சார்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஒன்பது வருஷமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள் முகமே ஞாபகமில்லை.

"எத்தனை நாள் புளிக்க வைக்கறீங்க சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளா? இருபது மணி நேரம். பழைய முறையில மூணு நாள் ஆகும். அதெல்லாம் நான் குறைச்சுட்டேன்."

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள். மாவை அமிலத்தில் வேகவைத்து, வடித்து, சொட்டு விட்டாள். பதினான்கு புள்ளி ஒன்று. மறுபடி செய்தாள். அதே பதினான்கு புள்ளி ஒன்று.

அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சோதனை புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறது. அளந்ததை ஆறேகாலால் பெருக்கிப் புரதம் என்று எழுதிக்கொள்வது உலக வழக்கம். ஈஸ்ட் தின்ற யூரியாவும் அதற்கு ஒன்றுதான், தின்னாமல் கிடக்கிற யூரியாவும் ஒன்றுதான். எனவே இரண்டாவது சோதனையைச் செய்தாள். புரதத்தை மட்டும் திரியவைக்கிற ஓர் அமிலம் உண்டு. பால் திரிந்தாற்போல் புரதம் கட்டியாகி வடிதாளில் தங்கிவிடும், யூரியா தண்ணீரோடு இறங்கிப் போய்விடும். தங்கியதை மட்டும் எடுத்து அளந்தாள்.

ஐந்தரை.

மிச்சம் எல்லாம் யூரியா. அவளுடைய ஆறு வருஷத்தைத் திருடினவர், அதைப் படிக்கக்கூட இல்லை. நேரத்தைக் குறைக்க யூரியாவை மொத்தமாகக் கொட்டியிருக்கிறார். பாதி ஈஸ்ட் அன்றே செத்திருக்கும்.

நோட்டில் இரண்டு எண்களையும் தேதி போட்டு எழுதினாள். இப்போதே மாடிக்குப் போய் முதலாளியம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? சின்னத் தவறு, அடுத்த முறை சரிசெய்துவிடுகிறேன் என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். நாலு பேருக்குத் தெரியாது. அவர் முகம் ஒரு நிமிஷம்கூடச் சுருங்காது. அவளை நிற்கவைத்தபோது எதிரே ஐந்து பேர் இருந்தார்கள். அவருக்கு ஐம்பது பேராவது வேண்டாமா? முதலில் ஏறட்டும், எவ்வளவு உயரம் போகிறாரோ போகட்டும் என்று நினைத்தாள்.

படிவத்தில் ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தது. "மொத்தப் புரதம்: 14.1" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளியம்மா நடைவழியில் அவளை நிறுத்தினாள். "நாலு வாரம் குஞ்சுகளுக்குப் போட்டுப் பாத்துடலாம்னு இருக்கேன். நூறு குஞ்சுக்கு நம்ம பழைய தீவனம், நூறு குஞ்சுக்கு இது. உங்க தங்கச்சி ஷெட்லயே வைக்கலாம். சுத்தமா எழுதி வைக்கறவங்க அவங்கதான். என்ன சொல்றீங்க?"

அப்போது வாய் திறந்திருக்கலாம். பின்னால் எத்தனையோ முறை அவள் அந்த நடைவழிக்கே மனதால் போய் நின்றாள். முதலாளியம்மாவின் கையில் ஒரு பேனா இருந்தது, அதன் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தாள்.

"சரி மேடம்" என்றாள் சொட்டு அக்கா. அதோடு நிற்கவில்லை. "ரிசல்ட் வரும்போது ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்களையும் கூப்பிடலாம் மேடம். மத்த ஆலைக்காரங்களையும். பெருசா பண்ணலாம். எடைக் கணக்கை அதுவரைக்கும் யாரும் பாக்க வேண்டாம், எல்லார் முன்னாலயும் பிரிச்சாதான் நம்புவாங்க."

"நல்ல யோசனைதான்" என்றாள் முதலாளியம்மா.

முதல் வாரம் தங்கை போன் செய்யவில்லை. இரண்டாவது வாரம் செய்தாள்.

"அக்கா, அந்தப் பக்கத்துக் குஞ்செல்லாம் தண்ணியா குடிச்சுத் தள்ளுது. தரையெல்லாம் ஈரம். நான் மரத்தூளை மாத்திக்கிட்டே இருக்கேன்."

"புதுத் தீவனம். பழகணும்ல."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்."

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளே போய்ப் பார்த்தாள். நீளமான தகர ஷெட். நடுவில் கம்பிவலை. வலைக்கு இந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று கொழுத்த குஞ்சுகள். அந்தப் பக்கம் இருந்தவை வேறு ஏதோ பறவை மாதிரி இருந்தன. தலை மட்டும் பெரிதாக, கால் குச்சியாக, இறகு முளைக்காமல் முதுகுத் தோல் சிவந்து தெரிந்தது. ஒன்று இன்னொன்றின் வாலடியைக் கொத்திக்கொண்டிருந்தது. கொத்துப்பட்டது ஓடக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"சத்து பத்தலைன்னாதான் இப்படிக் கொத்தும்னு சொல்வாங்க" என்றாள் தங்கை. "ஆனா இதுல சத்து அதிகம்ல. நீ டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போட்ட தீவனம். அதுல தப்பு இருக்காதுன்னு எனக்குத் தெரியும். என் கைலதான் ஏதோ கோளாறு. பல்பை மாத்தினேன், தண்ணி டப்பாவை மாத்தினேன், தினமும் கொத்துப்பட்டதுக்கெல்லாம் மருந்து தடவறேன். பதினாறு செத்துப்போச்சு. இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஆனதில்லக்கா."

அவள் கையில் ஊதா மருந்து முழங்கை வரை அப்பியிருந்தது.

சொட்டு அக்கா வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கூடவே, இன்னும் ஒன்பதே நாள் என்றும் தோன்றியது. அழைப்புகள் போய்விட்டன. ஆராய்ச்சி நிலையத்தின் புது டைரக்டரே வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். பழையவர் தன் படத்தோடு ஒரு பெரிய பலகை செய்யக் கொடுத்திருந்தார். அந்தப் பலகையின் எழுத்துப் பிழைகளை அவள்தான் திருத்திக் கொடுத்தாள். அன்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியையும் அவர் பக்கம் திருப்பிவிட்டிருந்தாள். அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசிகூட மறந்துபோயிற்று.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்றாள். "எல்லாம் சரியாயிடும்."

கூட்டம் ஆலையின் மாடிக் கூடத்தில் நடந்தது. ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டைரக்டர் அரை மணி நேரம் பேசினார். தன் ஆயுள் உழைப்பு என்றார். பிறகு முதலாளியம்மா எடைக் கணக்கை வாசிக்கச் சொல்ல, தங்கை நோட்டைப் பிரித்துக்கொண்டு எழுந்தாள். பழைய தீவனம் தின்றவை சராசரி ஆயிரத்து நானூறு கிராம். ஈஸ்ட் தீவனம் தின்றவை அறுநூற்றுப் பத்து. இறந்தவை இருபத்து மூன்று. கடைசி எண்ணை வாசிக்கும்போது அவள் குரல் அடங்கிவிட்டது. பின்வரிசையிலிருந்து யாரோ, "எவ்வளவு?" என்று கேட்டார்கள். அவள் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

டைரக்டர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"புரதம் பதினாலு. அது உங்க லேப்லயே உறுதியானது. அப்புறம் குஞ்சு ஏன் வளரலை? இங்க பாரும்மா, நான் குத்தம் சொல்லலை. ஆனா வளக்கறதுல கவனம்னு ஒண்ணு இருக்கு. ஷெட் ஈரமா இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

தங்கை நோட்டை மூடினாள். உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

இங்க பாரும்மா. அதே குரல், அதே வார்த்தை. சொட்டு அக்கா எழுந்தபோது அவள் மனதில் தயார் செய்துவைத்திருந்த பேச்சு ஒன்றுமே நினைவில் இல்லை.

"மொத்தப் புரதம்தான் பதினாலு. உண்மையான புரதம் அஞ்சரை. மிச்சம் யூரியா. ஈஸ்ட் அதைத் தின்னவே இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுக்க வேண்டியதை இவர் ஒரே தடவையில கொட்டியிருக்கார்."

கூடம் சலசலத்தது. டைரக்டர் இப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தார். முகம் மாறியது.

"நீங்களா?" என்றார் மெல்ல. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவங்களை எனக்குத் தெரியும். நம்பரைத் திரிச்சு எழுதினதுக்காக எங்க நிலையத்துலேர்ந்து அனுப்பினவங்க. இவங்க சொல்ற நம்பரை நீங்க நம்பறதா இருந்தா..."

"என் நம்பரை நம்ப வேண்டாம்" என்றாள்.

கீழே கிடங்கிலிருந்து அள்ளிவந்திருந்த பச்சை சோயா மாவை ஒரு ஜாடியில் போட்டாள். அவருடைய தீவனத்தில் இரண்டு கரண்டி சேர்த்து, வெதுவெதுப்பான நீர் விட்டுக் குழைத்து மூடினாள். இன்னொரு ஜாடியில் ஆலையின் பழைய தீவனத்தை அதே மாதிரி கலந்தாள். வறுக்காத சோயா யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், இது தீவன வேலையில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. கால் மணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு ஜாடிகளை முன்வரிசையில் கொடுத்தாள். முதல் ஆலைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்தவர் கையில் வாங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். வரிசை வரிசையாக ஜாடி போயிற்று, கூடம் முழுக்கக் கழுவாத கழிப்பறை நாற்றம் பரவியது. நிலையத்தின் புது டைரக்டர் முகர்ந்துவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்தார். கடைசியில் சொட்டு அக்கா அதைத் தானே வாங்கிக்கொண்டு போய்ப் பழையவரிடம் நீட்டினாள்.

"பாருங்க சார்."

அவர் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பலகையில் இருந்த தன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, தண்ணீர் கிடைக்குமா என்று யாரிடமோ கேட்டார். யாரும் எழுந்து போகவில்லை. ஒன்பது வருஷமாக அவள் கேட்டது இதுதான். அது நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

முதலாளியம்மா ஆய்வக நோட்டைக் கேட்டு வாங்கினாள். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அஞ்சரைன்னு எழுதியிருக்கற தேதி... இது சாம்பிள் வந்த அன்னிக்கே போட்டதா?"

தேதியை மாற்றி எழுத அவளுக்குத் தோன்றியதே இல்லை. "ஆமாம் மேடம்."

தங்கை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாடிப்படியில் தங்கையைப் பிடித்தாள். வீட்டுக்காரர் கீழே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆலை நஷ்டத்தைக் குடுத்துடும்" என்றாள் சொட்டு அக்கா.

"நான் அதைக் கேட்டேனா?"

"அந்த ஆள் என்னை என்ன பண்ணான்னு உனக்குத் தெரியும்ல."

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? அந்த ஒரு வருஷம் உனக்குச் சோறு போட்டவ நான்." தங்கை சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன். எத்தனை குஞ்சு வேணும்னு கேட்டுக் குடுத்திருப்பேன். அவனைக் கவுக்கறதுக்குத்தானே, தெரிஞ்சே குடுத்திருப்பேன். நீ என்னைக் கையில மருந்தைத் தடவிக்கிட்டு, என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம அலையவிட்டே. வந்து பாத்துட்டு வேற போனே."

"சொன்னா வெளிய தெரிஞ்சுடும்னு..."

"எங்கிட்ட சொன்னா வெளிய தெரியுமா?"

தங்கை இறங்கிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பழைய டைரக்டரை அதன் பிறகு எந்த ஆலையும் உள்ளே விடவில்லை. முதலாளியம்மா சொட்டு அக்காவை ஒரு வாரம் சோதனைக்கூடத்துக்குள் அனுமதிக்கவில்லை. அதற்குள் நிலையத்தின் புது டைரக்டரிடம் அந்தப் பழைய மரவள்ளி ஆய்வின் கதையை விசாரித்துத் தெரிந்துகொண்டாள். எட்டாவது நாள் கூப்பிட்டு, "உங்களை வீட்டுக்கு அனுப்பணும்னுதான் நெனச்சேன். ஆனா அந்தப் பதினொண்ணை செய்யத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "இனிமே எந்த நம்பர் எழுதினாலும் ரெண்டையும் எழுதுங்க. எனக்கு வேண்டியது எதுன்னு நான் பாத்துக்கறேன்." கிடங்கின் பின்னால் நாலு பெரிய டிரம்களை ஒதுக்கிக் கொடுத்தாள்.

மரவள்ளித் திப்பியை வேகவைத்து, முளைதானிய மாவு கலந்து, பழையபடி நாலு மணி நேரத்துக்கு ஒரு சிட்டிகையாக யூரியா கொடுத்தாள். மூன்றாம் நாள் டிரம்மைத் திறந்தால் ரொட்டி வாசனை வந்தது. உண்மையான புரதம் பத்தே முக்கால். இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு தங்கையின் ஷெட்டுக்குப் போனாள். தங்கை கேட்டைத் திறக்கவில்லை.

"வேற லேப்ல குடுத்து ஒரு தாள் வாங்கிட்டு வா" என்றாள்.

அவள் மூட்டைகளைத் திரும்ப ஏற்றினாள். ஊருக்கு மறுகோடியில் ஒரு சோதனைக்கூடம் இருந்தது. அங்கே ஒரு இளம்பெண் சாம்பிளை வாங்கிக்கொண்டு, பெயரைக் கேட்டுவிட்டு, பத்து நாள் ஆகும் என்றாள். பத்து நாளும் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய ஆய்வு நோட்டுகள் எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருப்பதைப் பார்த்துப் பழைய விசாரணையை ரத்து செய்திருப்பதாகவும், மரவள்ளி ஆய்வில் அவள் பெயரை முதலாவதாகச் சேர்த்து வெளியிடப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். அதைப் பஸ்ஸிலேயே மூன்று முறை படித்தாள்.

தாள் கிடைத்த அன்று ஷெட்டுக்குப் போனாள். தங்கை கேட்டுக்கு உள்ளே நின்றபடியே வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் கேட்டைத் திறந்தாள்.

"மூட்டையை அங்க சுவரோரமா வை. இருபது குஞ்சுக்குத்தான் போடுவேன். ஒண்ணு தலை சாஞ்சாலும் நிறுத்திடுவேன்."

"சரி."

"தினமும் எடை போட நீ வரணும். நான் போட மாட்டேன்."

"வரேன்."

தங்கை தண்ணீர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சொட்டு அக்கா மூட்டைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். நிலையத்தின் கடிதம் கைப்பையில் இருந்தது. காட்டலாம் என்றுதான் கொண்டுவந்திருந்தாள். பையை ஆணியில் மாட்டி, தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.